சிங்கத்தின் வாய்க்குள் ஒரு தலை: காட்டு விலங்கு வித்தைகளின் வரலாறு

கி.மு. 51ஆம் ஆண்டு. ரோமானிய அரசியல்வாதி கேலியஸ் தன் நண்பர் சிசரோவுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். இன்றைய துருக்கியின் தென்பகுதியில் இருந்த சிலிசியா மாகாணத்துக்கு சிசரோ அப்போது ஆளுநர். கேலியஸுக்கு வேண்டியது சிறுத்தைகள். பொது விளையாட்டுகளை நடத்தும் பதவிக்கு அவர் வந்திருந்தார். அரங்கில் நிறையச் சிறுத்தைகளை இறக்கினால் மக்களிடம் பெயர் கிடைக்கும், அடுத்த பதவிக்கு வழி பிறக்கும். சிசரோவின் பதில் வேடிக்கையானது. சிறுத்தைகள் அரிதாகிவிட்டன, எஞ்சியிருப்பவையும் இந்த மாகாணத்தில் தங்களுக்கு மட்டும்தான் பொறி வைக்கிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டு பக்கத்து காரியாவுக்குக் குடிபெயர முடிவு செய்திருக்கின்றன என்று எழுதினார்.

காட்டு விலங்கு வித்தைகளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கடிதப் போக்குவரத்து நல்ல தொடக்கம். அரங்கின் நடுவில் நிற்பது விலங்கு. ஆனால் காட்சி சொல்ல வரும் செய்தி எப்போதும் ஒரு மனிதனைப் பற்றியது: அவனுடைய செல்வாக்கு, வீரம், அறிவு, அன்பு. எந்தக் காலத்துக்கு எது தேவைப்பட்டதோ அதை நிரூபிக்கும் சாட்சியாக விலங்கு கொண்டுவரப்பட்டது. அந்தக் கதையைப் பார்வையாளர்கள் நம்பியவரை காட்சி நீடித்தது. நம்பிக்கை போனபோது இன்னொரு கதை அதே கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

ரோமின் கதை வெற்றி. கி.மு. 186இல் தளபதி ஃபுல்வியஸ் நோபிலியோர் தன் போர் வெற்றியைக் கொண்டாட சிங்கங்களையும் சிறுத்தைகளையும் வேட்டையாடும் காட்சி ஒன்றை நடத்தினார். ரோமில் இப்படிப்பட்ட காட்சி பற்றிக் கிடைக்கும் முதல் பதிவு அதுதான். கி.பி. 80இல் கொலோசியம் திறக்கப்பட்டபோது நடந்த 100 நாள் விழாவில் 9,000 விலங்குகள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். எண் மிகைப்படுத்தப்பட்டதாகவே இருக்கட்டும். நோக்கம் அதில் தெளிவாகத் தெரிகிறது. ஆப்பிரிக்கச் சிங்கமும் ஆசியப் புலியும் ஒரே மணலில் செத்து விழும்போது, பேரரசின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதைப் பார்வையாளன் கண்ணால் கண்டான்.

ஆனால் அந்தக் கூட்டம் எப்போதும் ஆரவாரம் மட்டுமே செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. கி.மு. 55இல் ரோமானியத் தளபதி பாம்பே நடத்திய விழாவின் கடைசி நாளில் யானைகள் இறக்கப்பட்டன. ஈட்டிகள் பாய்ந்தபோது கூட்டத்துக்கு மகிழ்ச்சி வரவில்லை. இரக்கம் வந்தது, அந்த விலங்குக்கும் மனித இனத்துக்கும் ஏதோ உறவு உண்டு என்ற உணர்வு எழுந்தது என்று நேரில் பார்த்த சிசரோவே பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் எழுதிய ரோமானிய எழுத்தாளர் பிளினி, மக்கள் கண்ணீர் விட்டு எழுந்து பாம்பேயைச் சபித்தார்கள் என்கிறார். விலங்குக் காட்சிக்கு எதிரான மனம் நவீன காலத்தின் கண்டுபிடிப்பு என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

கொல்வதற்காக அல்லாமல் பழக்கிக் காட்டும் வித்தையும் ரோமில் இருந்தது. யானைகள் நடனமாடின, கயிற்றில் நடந்தன என்று பிளினி குறிப்பிடுகிறார். பாடம் சரியாக வராமல் அடிவாங்கிக்கொண்டிருந்த ஒரு யானை, இரவில் தனியாக நின்று அதே வித்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது என்றும் எழுதியிருக்கிறார். பிளினி இதை யானையின் அறிவுக்குச் சான்றாகச் சொன்னார். இன்று படிக்கும்போது அந்த வரியில் முதலில் கண்ணில் படுவது அடிதான்.

ரோமின் அரங்குகள் மங்கிய பிறகு விலங்குகள் அரசர்களின் பரிசுப் பொருள்களாயின. லண்டன் கோபுரத்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விலங்குக் காப்பகம் இருந்தது. 1252இல் நார்வேயிலிருந்து வந்த பனிக்கரடி, நீண்ட கயிற்றில் கட்டப்பட்டு தேம்ஸ் ஆற்றில் மீன் பிடித்தது. 1255இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி ஒரு யானையை அனுப்பினார். அரண்மனை விலங்கு எதுவும் செய்துகாட்ட வேண்டியதில்லை. அது அரசனுக்குச் சொந்தமாக இருப்பதே போதும். பொதுமக்களுக்கு வேறு காட்சி இருந்தது. கரடியைக் கம்பத்தில் கட்டி நாய்களை ஏவிவிடும் விளையாட்டு இங்கிலாந்தில் நூற்றாண்டுகள் ஓடி, 1835இல்தான் சட்டத்தால் நின்றது.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டும் தொழில் எப்படி வளர்ந்தது என்பதற்கு கிளாரா என்ற காண்டாமிருகம் நல்ல உதாரணம். வங்காளத்தில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்த கன்று அது. டௌவே மௌட் என்ற கப்பல் தலைவர் அதை வாங்கி 1741இல் ராட்டர்டாமில் இறக்கினார். அதற்குப் பின் 17 ஆண்டுகள், 1758இல் லண்டனில் சாகும்வரை, கிளாரா ஐரோப்பா முழுக்க வண்டியில் சுற்றியது. அரசர்கள் பார்த்தார்கள், ஓவியர்கள் வரைந்தார்கள், நினைவுப் பதக்கங்கள் விற்றன. வெனிஸில் லோங்கி வரைந்த ஓவியத்தில் கிளாரா வைக்கோல் தின்றுகொண்டிருக்கிறது. பின்னால் முகமூடி அணிந்த செல்வந்தர்கள் நிற்கிறார்கள். அதன் கொம்பு காட்சி நடத்துபவரின் கையில் இருக்கிறது.

சர்க்கஸ் என்று நாம் இன்று சொல்வது முதலில் குதிரை வித்தைதான். பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் படைவீரர் 1768இல் லண்டனில் அதைத் தொடங்கினார். சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள வட்டம், ஓடும் குதிரையின் மேல் நின்று சமநிலை காக்க ஏற்ற அளவு. இன்றுவரை பெரும்பாலான சர்க்கஸ் வட்டங்களுக்கு அதுவே அளவு. அங்கே சிங்கம் இல்லை, புலி இல்லை. காட்டு விலங்குகள் இன்னொரு வழியில் வந்தன. வாம்ப்வெல் போன்றவர்கள் கூண்டு வண்டிகளில் ஊர் ஊராகக் கொண்டுபோன நடமாடும் விலங்குக்காட்சிகள் அவை. இந்த இரண்டு ஓடைகளும் 19ஆம் நூற்றாண்டில் கலந்தன. கலந்த இடத்தில் நிற்கிறார் ஐசக் வான் ஆம்பர்க்.

வான் ஆம்பர்க் அமெரிக்கர், நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். ரோமானிய வீரனைப் போல உடுத்திக்கொண்டு கூண்டுக்குள் போவார். சிங்கத்தின் வாயைத் திறந்து தன் தலையை அதற்குள் வைப்பார். ஒத்திகையில் அவர் இரும்புக் கம்பியைக் கொண்டு விலங்குகளை அடித்தார் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அதை மறைக்கவும் இல்லை. கிறித்தவப் பற்றுள்ள கூட்டத்துக்கு அது உறுத்தாமல் இருக்க அவரிடம் ஒரு பதில் இருந்தது: விலங்குகளின் மேல் ஆளுகையை ஆண்டவர் மனிதனுக்குக் கொடுத்திருக்கிறார் என்று வேதாகமம் சொல்கிறது. ஓர் ஆட்டுக்குட்டியையும் கூண்டுக்குள் கொண்டுபோய் சிங்கத்தின் பக்கத்தில் படுக்க வைப்பார். கொடிய விலங்கும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து வாழும் என்ற, வேதாகமத்தின் ஏசாயா தீர்க்கதரிசனம் கண்முன் நிறைவேறிவிடும். 1839இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் இளம் விக்டோரியா அரசி இந்தக் காட்சியை ஒரு முறை பார்த்ததோடு நிறுத்தவில்லை, மீண்டும் மீண்டும் போனார். ஓவியர் லேண்ட்சீயரும் அதே ஆண்டு வான் ஆம்பர்க்கை விலங்குகளோடு வரைந்தார். அடி, வேதம், அரசியின் கைத்தட்டல் மூன்றும் ஒரே கூண்டில் இவ்வளவு எளிதாகப் பொருந்தியதுதான் அந்த நூற்றாண்டைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது.

அதே காலத்தில், 1831இல், பாரிஸில் ஆன்றி மார்த்தேன் என்ற பழக்குநர் மைசூரைக் களமாகக் கொண்ட ஒரு நாடகத்தில் உண்மையான சிங்கங்களோடு மேடையேறினார். காலனி நாடுகளும் அவற்றின் விலங்குகளும் ஐரோப்பியப் பார்வையாளனுக்கு ஒரே பொட்டலமாக வந்து சேர்ந்தன.

பொட்டலம் என்று சொன்னது மிகையில்லை. கார்ல் ஹேகன்பெக்கின் வாழ்க்கையே அதற்குச் சான்று. ஹாம்பர்க்கில் மீன் வியாபாரம் செய்த அவருடைய தந்தை, 1848இல் வலையில் சிக்கிய சீல்களைக் கட்டணத்துக்குக் காட்டினார். மகன் உலகின் மிகப் பெரிய காட்டு விலங்கு வியாபாரிகளில் ஒருவரானார். 1880களின் இறுதியில் அவர் முன்வைத்த பழக்கும் முறை, வான் ஆம்பர்க்கின் இரும்புக் கம்பிக்கு நேர் எதிரானது. ஒவ்வொரு விலங்கின் குணத்தையும் தனித்தனியாகக் கவனிப்பது, அடிக்குப் பதில் இறைச்சித் துண்டு, பொறுமை. பல குட்டிகளிலிருந்து இசைந்து வருபவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஒடுங்கிய வண்டிக் கூண்டு போய் வட்டமான பெரிய கூண்டு வந்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் இந்த வித்தைகள் அமெரிக்காவை வியக்க வைத்தன.

அந்த மாற்றம் உண்மையானது. அடி குறைந்தது, விலங்கையும் தனி உயிராகப் பார்க்கும் பழக்கம் தொடங்கியது. ஆனால் மென்மை தொடங்கியது ஹாம்பர்க்கில். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் குட்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தாயைக் கொல்ல வேண்டியிருந்தது. அதோடு, அதே ஹேகன்பெக் 1870களிலிருந்து மனிதர்களையும் காட்சிக்கு வைத்தார். கலைமான்களோடு வட ஐரோப்பாவின் சாமி இனக் குடும்பங்கள், பின்னர் ஆப்பிரிக்காவின் நூபியர், இலங்கையிலிருந்து சிங்களவர் என்று ஐரோப்பிய நகரங்களில் 'வாழும் காட்சிகளாக' நிறுத்தப்பட்டார்கள். விலங்கை அன்போடு பழக்கு என்று சொன்ன கையும் மனிதனை வேலிக்குள் நிறுத்திய கையும் ஒன்றே. மென்மை என்பது முறையைப் பற்றியது. யார் யாரைப் பார்க்கலாம் என்ற உரிமையை அது தொடவே இல்லை.

சரி, அடிக்காமல் ஒரு சிங்கத்தை எப்படி முக்காலியில் உட்கார வைக்கிறார்கள்? இதை மிக நன்றாக விளக்கியவர் சுவிட்சர்லாந்தின் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர். ஒவ்வொரு காட்டு விலங்குக்கும் ஒரு தப்பியோடும் தூரம் உண்டு. எதிரி அந்த எல்லைக்குள் வந்தால் அது விலகும். விலக இடமில்லாமல் போய், எதிரி இன்னும் நெருங்கினால் அது பாயும். அதை அவர் நெருக்கடித் தூரம் என்றார். பழக்குநரின் கலை முழுவதும் இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் நடக்கிறது. ஓரடி முன்னே வைத்தால் சிங்கம் பின்வாங்கும். கம்பியில் முதுகு முட்டியதும் இன்னொரு அடி. இப்போது அது முன்னால் வரும். நடுவில் முக்காலியை வைத்துவிட்டால் அதன் மேல் ஏறித்தான் வர வேண்டும். ஏறிய கணத்தில் பழக்குநர் பின்வாங்குகிறார், நெருக்கடி தீர்கிறது, சிங்கம் அங்கேயே நின்றுவிடுகிறது. கூட்டம் பார்ப்பது கீழ்ப்படிதலை. சிங்கம் செய்ததோ அச்சத்தை அளந்து இடம் மாறியது. காலப்போக்கில் இறைச்சியும் பழக்கமும் அந்த அச்சத்தைத் தணிக்கலாம், பழக்குநருக்கும் விலங்குக்கும் நடுவில் உண்மையான நெருக்கமும் வளரலாம். வளர்ந்ததற்கு நிறையச் சான்றுகள் உண்டு. ஆனால் வித்தையின் எலும்புக்கூடு அந்தத் தூரக் கணக்குதான்.

அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கதை மறுபடி வீரத்துக்குத் திரும்பியது. கிளைட் பீட்டி ஒரு கையில் சாட்டை, மறு கையில் நாற்காலி, இடுப்பில் வெற்றுத் தோட்டாத் துப்பாக்கி என்று கூண்டுக்குள் போய், சிங்கமும் புலியுமாக ஏராளமான விலங்குகளுக்கு நடுவே போரிடுவதைப் போல நடித்தார். உறுமலும் பாய்ச்சலும்கூட ஒத்திகை பார்த்தவையே. விலங்கு அடங்கிவிட்டால் அந்தக் காட்சிக்கு மதிப்பில்லை. அது அடங்காததைப் போலத் தெரிய வேண்டும்.

யானைகளின் நிலை இன்னும் மோசம். லண்டன் விலங்குக்காட்சி சாலையின் செல்லமான ஜம்போவை 1882இல் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பர்னம் வாங்கினார். 1885இல் கனடாவில் ரயில் மோதி ஜம்போ செத்தது. பர்னம் அதன் தோலையும் எலும்புக்கூட்டையும் தனித்தனியாகக் காட்சிக்கு வைத்தார். 1903இல் டாப்ஸி என்ற யானைக்கு நியூயார்க்கின் கோனி தீவில் மின்சாரம் பாய்ச்சப்பட்டது. 1916இல் டென்னசியின் எர்வின் நகரில், தன்னைக் கையாள வந்த புது ஆளைக் கொன்ற மேரி என்ற யானையை ரயில்வே பாரந்தூக்கியில் தூக்கிலிட்டார்கள். வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. தூக்கு என்பது குற்றவாளிக்குத் தரும் தண்டனை. வித்தை காட்டும்போது அறிவில்லாத மிருகமாக இருந்தது, கொன்றவுடன் பொறுப்புள்ள குற்றவாளியாக மாறியது. தண்டனையும் இன்னொரு காட்சியாயிற்று.

இத்தனைக்கும் எதிர்ப்பு ஓய்ந்திருக்கவில்லை. எழுத்தாளர் ஜாக் லண்டனின் மறைவுக்குப் பின் 1917இல் வெளியான ஒரு நாவலின் முன்னுரையில், விலங்கு வித்தை தொடங்கியதும் அரங்கைவிட்டு எழுந்து வெளியேறுங்கள் என்று அவர் கேட்டிருந்தார். மறு ஆண்டே அவர் பெயரில் அமெரிக்காவில் ஒரு சங்கம் உருவானது. சந்தா கிடையாது, எழுந்து வெளியேறுவதுதான் நிபந்தனை. பிரிட்டனில் நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து, 1925இல் வித்தை விலங்குகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அது தடை செய்யவில்லை, பதிவு செய்யச் சொன்னது.

சோவியத் ஒன்றியத்தில் கதை அறிவியல். 1919இல் சர்க்கஸ் அரசுடைமையானது. விளாதிமிர் துரோவ் மாஸ்கோவில் விலங்குகளுக்கென்று ஓர் அரங்கு நடத்தினார், உளவியலாளர் பெக்தெரேவோடு சேர்ந்து ஆய்வும் செய்தார். பின்னாளில் இரினா புக்ரிமோவா போன்ற பெண் பழக்குநர்கள் நாடறிந்த நட்சத்திரங்களானார்கள். பெண்ணின் வலிமைக்கும் அரசின் பெருமைக்கும் ஒரே சிங்கம் சாட்சி சொன்னது.

இந்தியாவில் கதைக்கு நாட்டுப்பற்று நிறம் வந்தது. ஐரோப்பியக் குழு ஒன்றின் காட்சியைப் பார்த்த விஷ்ணுபந்த் சத்ரே, நம்மாலும் முடியும் என்று 1880இல் பம்பாயில் கிரேட் இந்தியன் சர்க்கஸைத் தொடங்கினார். வங்காளிகள் கோழைகள் என்று ஆங்கிலேயர் ஏளனம் செய்த காலத்தில், பிரியநாத் போஸின் குழுவில் சுசீலா சுந்தரி என்ற வங்கப் பெண் புலிக்கூண்டுக்குள் போனார். தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் நடத்திய பயிற்சிப் பள்ளியிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்கள் வந்தார்கள். புனேயைச் சேர்ந்த தாமு தோத்ரே அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் குழுவரை போய்ப் புகழ்பெற்றார். சர்க்கஸுக்கு வெளியே, தெருக்களில், கலந்தர் சமூகத்தினர் கரடியாட்டம் நடத்தினார்கள். மூக்கைத் துளைத்துக் கயிறு கோர்த்த கரடி, பக்கத்தில் பட்டினியின் விளிம்பில் நிற்கும் குடும்பம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தும் ஆட்டம் நிற்கவில்லை, ஏனென்றால் அந்தக் குடும்பங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. கரடியைக் கொடுத்துவிடுபவருக்கு மாற்றுத் தொழிலும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் என்று தொண்டு அமைப்புகள் இறங்கிய பிறகுதான், 2009இல் கடைசியாக அறியப்பட்ட கரடியும் மீட்கப்பட்டது. தடைச் சட்டம் எழுதுவோர் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் இது என்பது என் எண்ணம்.

சர்க்கஸைப் பொறுத்தவரை, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு அறிவித்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2000இல் கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளியதோடு, அடிப்படை உரிமைகள் மனிதனுக்கு மட்டும்தானா என்ற கேள்வியையும் எழுப்பியது. 2001இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது.

இதற்கிடையில் இன்னொரு கூண்டு கட்டப்பட்டிருந்தது, தண்ணீரால். 1938இல் ஃபுளோரிடாவில் திறந்த கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில், சர்க்கஸ் பின்னணி கொண்ட அடால்ஃப் ஃப்ரோன் பின்னாளில் டால்ஃபின்களைப் பழக்கினார். டால்ஃபினைச் சாட்டையால் மிரட்ட முடியாது, முங்கிப் போய்விடும். ஆக, உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயின்ற பிரிலண்ட் தம்பதி வளர்த்த முறை இங்கே வேரூன்றியது. சரியாகச் செய்த கணத்தில் விசில், உடனே மீன். காட்சியின் கதையும் மாறியது: இது எங்கள் நண்பன், தானாக விரும்பி ஆடுகிறான். 1964இல் தொடங்கிய சீவேர்ல்ட் என்ற அமெரிக்கக் கடல்விலங்குப் பூங்காவில் ஓர்கா திமிங்கிலங்கள் அந்தக் கதையின் உச்சமாயின. 2010இல் திலிகும் என்ற ஓர்கா, தன்னோடு நீண்டகாலம் பழகிய பயிற்சியாளர் டான் பிராஞ்சோவைக் கொன்றது. 2013இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. 2016இல் ஓர்காக்களை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. முறையில் குறையில்லை, வெகுமதி முறை உண்மையிலேயே வேலை செய்தது. கடலில் நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர்கூட நீந்தக்கூடிய விலங்குக்குத் தொட்டியில் இடம் இல்லை என்பதை எந்த முறையாலும் சரிசெய்ய முடியவில்லை.

கூடாரத்திலும் இதுதான் நடந்தது. வித்தை நடக்கும் சில நிமிடங்களைவிட மீதி நேரம் எங்கே, எப்படிக் கழிகிறது என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். சங்கிலி, லாரி, ரயில் பெட்டி, சிமென்ட் தரை. மறைகேமராக்கள் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தன. 1994இல் ஹோனலூலு சர்க்கஸிலிருந்து ஓடிய டைக் என்ற யானை, தெருவில் போலீஸ் குண்டுகளுக்குச் சாய்ந்தது கேமராவில் பதிவானது. இன்னொரு காரணத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று நினைக்கிறேன்: தொலைக்காட்சி. யானைக்கூட்டம் இறந்த உறுப்பினரின் எலும்பைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்ட தலைமுறைக்கு, முக்காலியில் நிற்கும் யானை வியப்பாக இருக்கவில்லை, சங்கடமாக இருந்தது.

தடைகள் ஒவ்வொன்றாக வந்தன. பொலிவியா 2009இல் வீட்டு விலங்குகள் உட்பட எல்லா விலங்குகளையும் சர்க்கஸிலிருந்து விலக்கியது. ரிங்லிங் 2016இல் யானைகளை நிறுத்தியது, 2017இல் கூடாரத்தையே மூடியது, 2023இல் விலங்குகள் இல்லாமல் திரும்பி வந்தது. டென்மார்க் அரசு 2019இல் கடைசி நான்கு சர்க்கஸ் யானைகளை 1.1 கோடி குரோனருக்கு வாங்கியது. இங்கிலாந்தில் 2019 சட்டம் வந்தபோது அங்கே சர்க்கஸில் மிஞ்சியிருந்த காட்டு விலங்குகள் 19 மட்டுமே: கலைமான், வரிக்குதிரை, ஒட்டகம், ரக்கூன், ஒரு நரி, ஒரு மக்கா கிளி, ஒரு செபு மாடு. சிங்கமும் புலியும் யானையும் சட்டத்துக்கு முன்பே போய்விட்டிருந்தன. அங்கே 2007இல் அரசு அமைத்த குழு, நலக்கேட்டை அறிவியல் முறையில் நிரூபிக்கும் சான்று போதவில்லை என்றே சொல்லியிருந்தது. அதனால் தடை கடைசியில் அறத்தின் அடிப்படையில் வந்தது: இப்படிக் காட்டுவதே சரியில்லை என்று சமூகம் முடிவு செய்துவிட்டது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அளவுகோலுக்குப் பின்னால் ஒளியாமல் விழுமியத்தை நேராகச் சொன்ன சட்டம் அது.

கூடாரம் போன இடத்தில் இப்போது தொலைபேசி இருக்கிறது. புலிக்குட்டிக்குப் பால் புகட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் தொழில் சர்க்கஸ் தடை பட்டியலில் எங்கும் வராது. குட்டி கடிக்கும் வயதுக்கு வந்ததும் அதற்கு அந்தத் தொழிலில் வேலை இல்லை, அடுத்த குட்டி வேண்டும். ஆகவே நிற்காத இனப்பெருக்கம். 2009 வாக்கில் இணையத்தில் பரவிய ஒரு காணொளியில், கிச்சுகிச்சு மூட்டும்போது 'ஸ்லோ லோரிஸ்' வகைத் தேவாங்கு ஒன்று கைகளை உயர்த்துவதை லட்சக்கணக்கானோர் ரசித்தார்கள். அந்த விலங்கு மிரளும்போது எடுக்கும் தற்காப்பு நிலை அது. நச்சுச் சுரப்பி அதன் முழங்கைப் பக்கம்தான் இருக்கிறது. சந்தையில் விற்பதற்கு முன் அதன் பற்களை வெட்டிவிடுவார்கள். புலிக்குட்டிகளைப் பொதுமக்கள் தொட அமெரிக்கா 2022 டிசம்பரில் தடை விதித்தது. காணொளிக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அங்கே நுழைவுச் சீட்டு என்பது நாம் அழுத்தும் விருப்பக் குறி.